வெந்தயக்களியும் ரிவ்சால்ட் ஒயினும்

வெந்தயத்துக்கு அதன் தனி மணத்தைத் தருவது சோட்டலோன் என்ற சேர்மம். மிகச் சிறிய அளவில் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அளவு கூடினால் வெந்தயமாகவும் குறைந்தால் காய்ச்சிய பாகாகவும் மணக்கும். சுத்திகரிக்காத கரும்புச் சர்க்கரையிலும் அது உண்டு. பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய ருசியோன் பகுதியில், மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து முதிரும் இனிப்பு ஒயின்களிலும் இதே சோட்டலோன்தான் முக்கியமான மணங்களில் ஒன்று.

இந்த ஒயின்களை எந்த உணவோடு பருகுவது என்ற கேள்விக்குப் பிரெஞ்சுக்காரர்கள் நெடுங்காலமாக ஒரே பட்டியலைத்தான் சொல்லிவருகிறார்கள். வாத்தின் ஈரல், நீலப்பூசணம் படர்ந்த ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி, கசப்புச் சாக்லேட், எலுமிச்சைத் தார்ட். நம்மூர் நட்சத்திர ஓட்டல்களும் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு, சாக்லேட் இருந்த இடத்தில் குலாப் ஜாமூனை வைத்துவிட்டன. அந்த மாற்றம் தவறு என்பதும், இந்த ஒயின்களுக்கு உண்மையில் பொருந்தும் உணவுகள் தமிழ்நாட்டின் வெல்லம், கருப்பட்டி, எள், வெந்தயம், கருவாடு ஆகியவற்றைச் சுற்றியே இருக்கின்றன என்பதும் என் கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்தப் பேச்சை ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் வைத்துத் தொடங்குவது பொருத்தம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டிப் போனால் 2000-ஆம் ஆண்டுவாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனமான செயின்ட் கோபைனின் கண்ணாடித் தொழிற்சாலை வரும். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் தெற்கே திரும்பினால் ஒரகடம். 2010-இல் ரெனோவும் நிசானும் சேர்ந்து கார் தயாரிக்கத் தொடங்கியது இங்கேதான். ஹூண்டாயைத் தொடர்ந்து வந்த கொரியர்கள், ஜப்பானியர்கள், ஜெர்மானியர்கள், பிரெஞ்சுக்காரர்கள் என்று பல நாட்டுப் பொறியாளர்கள் இந்தச் சாலைகளில் வேலைக்கு வந்துபோகிறார்கள். அவர்களுக்காக வணிக ஓட்டல்களும் கொரிய உணவகங்களும் முளைத்தன. விருந்தினர் வரும் இடத்தில் விருந்தும் வரும், விருந்தின் முடிவில் என்ன பரிமாறுவது என்ற கேள்வியும் வரும். ஓர் உணவகத்தின் பட்டியல் அட்டையை எழுதுபவருக்கு அது அன்றாடக் கேள்வி.

முதலில் இந்த ஒயின் எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். பிரெஞ்சில் இதன் பெயர் வேன் தூ நத்யூரெல், அதாவது இயல்பான இனிப்பு ஒயின். திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றிக்கொண்டிருக்கும்போது, பாதி வழியில் 96 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். சாற்றின் கொள்ளளவில் 5 முதல் 10 சதவீதம் வரை அதைச் சேர்க்கலாம். ஆல்கஹால் சட்டென்று உயர, ஈஸ்ட் செத்துப்போகிறது. மீதமுள்ள சர்க்கரை, பழத்திலிருந்து வந்தபடியே, ஒயினில் தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து ஒரு கரண்டிச் சர்க்கரைகூடச் சேர்க்கக் கூடாது. சாறு லிட்டருக்குக் குறைந்தது 252 கிராம் சர்க்கரையோடு வர வேண்டும், முடிவில் ஆல்கஹால் 15 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று விதிகள் சொல்கின்றன. சாதாரண மேசை ஒயின் 12, 13 சதவீதம் என்பதால் இது கொஞ்சம் காரமானது, சிறு கோப்பையில் பருக வேண்டியது.

பாதி வழியில் நொதிப்பை நிறுத்தும் இந்த முறையை 1285-இல் கண்டறிந்தவர் மோன்பெல்லியே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய கட்டலான் மருத்துவர் அர்னோ த வில்நவ் என்பது மரபான செய்தி. மயோர்க்கா மன்னர் 1299-இல் அவருக்கு இதற்கான உரிமையை அளித்தார் என்றும் சொல்வார்கள். இன்றைய வடிவம் சட்டங்களால் வந்தது. சாராயம் கலந்த பானம் என்றால் சாராய வரி, ஒயின் என்றால் ஒயின் வரி. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ருசியோன் விவசாயிகளுக்காக அந்தப் பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் போராடினார்கள். 1872-இல் அரகோ சட்டமும் 1898-இல் பாம்ஸ் சட்டமும் 1914-இல் புரூஸ் சட்டமும் அவரவர் பெயரால் நிற்கின்றன. மஸ்கட், கிரெனாஷ், மக்காபு, மால்வசி என்று எந்தத் திராட்சைகளில் செய்யலாம் என்பதும் அப்போதுதான் முடிவானது. 1936-இல் பன்யூல்ஸ், மோரி, ரிவ்சால்ட், ஃப்ரோந்தின்யான் மஸ்கட் ஆகியவை ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றன. நம் நாட்டின் புவிசார் குறியீட்டுக்கு அது மூத்த உறவு. ரோன் ஆற்றுப் பகுதியின் ராஸ்தோவும் போம் த வெனீஸ் மஸ்கட்டும் நாற்பதுகளில் சேர்ந்தன. ஆனாலும் மொத்த உற்பத்தியில் பெரும்பங்கு இன்றும் ருசியோனுடையது.

இந்த ஒயின்களை இரண்டு பெரும் குடும்பங்களாகப் பிரிக்கலாம். உணவைப் பொறுத்தவரை இந்தப் பிரிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒன்று, காற்றுப்படாமல் காத்து, பழத்தின் மணம் மாறாமல் சீக்கிரமே புட்டியில் அடைப்பது. மஸ்கட் வகைகளும் பன்யூல்ஸ் ரிமாஜும் கருஞ்சிவப்பான ரிவ்சால்ட் க்ரெனாவும் இதில் சேரும். மற்றொன்று, வேண்டுமென்றே காற்றுக்கும் வெப்பத்துக்கும் காலத்துக்கும் ஒப்படைப்பது. வெள்ளைத் திராட்சையில் செய்து முதிர்ந்தது அம்ப்ரே, சிவப்பில் செய்து முதிர்ந்தது துய்லே. ஐந்து ஆண்டுக்கு மேல் முதிர்ந்தது ஓர்தாஜ். பன்யூல்ஸ் கிரான் க்ரூ குறைந்தது 30 மாதம் மரத்தில் கிடக்க வேண்டும். மோரியில் உள்ள மாஸ் அமியேல் என்ற பண்ணையில் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஒயினை நிரப்பித் திறந்தவெளியில் ஏறக்குறைய ஓர் ஆண்டு நிறுத்திவைக்கிறார்கள். கோடையில் மொட்டைமாடியில் ஊறுகாய் ஜாடியை வெயில் காட்டும் நம் பாட்டிமார்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறிப் பட்டு ஒயின் பழுப்பேறும். வால்நட், உலர்ந்த அத்தி, காப்பி, வறுத்த பருப்பு என்று மணங்கள் திரண்டு வரும். இந்த முதிர்ந்த மணத்துக்கு அங்கே ரான்சியோ என்று பெயர். சோட்டலோன் கூடுவதும் இந்தக் குடும்பத்தில்தான்.

மஸ்கட் நமக்கு அந்நியமே இல்லை. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வழியாகத் தமிழகத்துக்கு வந்ததாக அதற்கான விவரங்களில் சொல்லப்படுகிறது. மரபணு ஆய்வின்படி மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோரில் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். ரிவ்சால்ட் மஸ்கட் ஒயினில் சேரும் இரண்டு திராட்சைகளில் அதுவும் ஒன்று. இன்னொன்று சிறுமணி மஸ்கட், அது அலெக்சாந்திரியாவுக்கே பெற்றோர். ஆகவே ஒரகடம் சந்திப்பில் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் பன்னீர் திராட்சை, ருசியோனின் பெர்ப்பின்யான் ஊரில் கிறிஸ்துமஸ் மேசையில் இருக்கும் ஒயினுக்கு நெருங்கிய இரத்த உறவு. அந்தத் திராட்சையை வாயில் போட்டதும் எழும் ரோஜா மணம் ஜெரானியோல், லினலூல் போன்ற சேர்மங்களால் வருவது. ரோஜாவிலும் ஜெரானியோல் உண்டு. கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பகுதி லினலூல்தான், ஏலக்காயிலும் கொஞ்சம் இருக்கிறது.

அப்படியானால் கம்பத்திலேயே இந்த ஒயினைச் செய்யலாமே என்ற எண்ணம் எழும். தடை பழத்தில் இல்லை, வளர்ப்பு முறையில் இருக்கிறது. கம்பத்தில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது, கவாத்து செய்த கணக்கில் ஆண்டு முழுவதும் அறுவடை. தண்ணீர் தாராளம், விளைச்சலும் தாராளம். சாப்பிடுவதற்கான பழம் அப்படித்தான் வளர வேண்டும். ருசியோனில் நிலைமை நேர்மாறு. பன்யூல்ஸ், கோலியூர், போர் வோந்த்ர், செர்பேர் என்ற நான்கு ஊர்களின் கடலோரச் சரிவுகளில் பலகைக்கல் அடுக்கிய படிவயல்கள் இருக்கின்றன. மழைநீரை வடிக்க அங்கே கோழிக்கால் வடிவில் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இயந்திரம் ஏற முடியாத இடம். திராமொந்தான் என்ற வறண்ட வடமேற்குக் காற்று பழத்தை உலர்த்தும். ஒரு ஹெக்டேருக்கு 3,000 லிட்டர் என்ற அளவில்தான் ஒயின் கிடைக்கும். குறைந்த பழத்தில் நிறைந்த சர்க்கரை என்பதே அந்த மண்ணின் கணக்கு. கம்பத்தில் ஓர் ஏக்கரையாவது அப்படிப் பட்டினி போட்டு வளர்த்துப் பார்க்க யாராவது முன்வந்தால் நான் மனமார வரவேற்பேன்.

இனி உணவு. முதல் விதி சர்க்கரையைப் பற்றியது. உணவின் இனிப்பு ஒயினின் இனிப்பை மீறினால் ஒயின் மெலிந்து, புளித்து, வெறும் சாராயக் காட்டமாக நிற்கும். மஸ்கட் இனிப்பு ஒயினில் லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருக்கும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் அது பத்தில் ஒரு பங்குதான். குலாப் ஜாமூனும் ஜாங்கிரியும் ஊறும் பாகில் பாதிக்கு மேல் சர்க்கரை. அந்தப் பாகு நாவில் பட்ட அடுத்த நொடியில் எந்த ஒயினும் தோற்றுப்போகும். ஓட்டல் பட்டியல்களில் நான் தவறு என்று சொன்னது இதைத்தான். வெல்லப் பலகாரங்களிலும் சர்க்கரை அதிகம்தான் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அதிரசத்தில் வெல்லம் மாவுக்குள் கட்டுண்டு, எண்ணெயில் வெந்து, மெல்லும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிவருகிறது. கூடவே வெல்லத்தில் ஒரு கைப்பும் உப்பும் இருப்பதால் வெள்ளைச் சர்க்கரையின் ஒற்றைத் தித்திப்பு அங்கே இல்லை. கருப்பட்டியில் அந்தக் கைப்பு இன்னும் கூடுதல்.

அதனால் அதிரசத்துக்கு ரிவ்சால்ட் அம்ப்ரே. சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட, ஓரம் முறுகிய, செய்து இரண்டு நாள் ஆன அதிரசமாக இருந்தால் இன்னும் நல்லது. ருசியோனின் கட்டலான் வீடுகளில் ஈஸ்டர் சமயத்தில் மாவை மெல்லியதாக இழுத்துப் பொரித்துச் சர்க்கரை தூவும் புன்யெட் என்ற பலகாரத்துக்கும் இந்த ஒயின்கள்தான் துணை. பொரித்த மாவும் முதிர்ந்த ஒயினும் சேர்வது அவர்களுக்கும் பழக்கம். அதே பகுதியின் தூரோன், கொட்டைப்பருப்பைப் பாகில் கட்டிச் செய்வது. நம் பக்கம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கிறது. கரிசல் நிலக்கடலையின் வறுத்த மணமும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த மிட்டாயை ரான்சியோ ஏறிய ஒயினோடு வைத்தால் இரண்டின் வறுபட்ட மணமும் ஒன்றையொன்று தூக்கிவிடும். எள்ளுருண்டைக்கும் இதே கணக்கு.

வெந்தயக்களிதான் என் பார்வையில் எல்லாவற்றுக்கும் மேல். அரிசியும் உளுந்தும் வெந்தயமும் அரைத்துக் கிளறி, நடுவில் குழி பறித்துக் கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் ஊற்றும் பண்டம். தென்மாவட்டங்களில் பெண்களின் உடல் வலுவுக்கென்று கொடுப்பார்கள். வெந்தயத்தின் சோட்டலோன், பாகின் மணம், எண்ணெயின் எள் வாசம் ஆகிய மூன்றுக்கும் ஐந்து ஆண்டு முதிர்ந்த ஓர்தாஜ் ஒயினில் மறுகுரல் இருக்கிறது. நல்லெண்ணெயின் வழுவழுப்பை ஆல்கஹால் வெட்டிக் கொடுக்கும். களியின் மெல்லிய கசப்பு ஒயினின் தித்திப்பைத் தாங்கிப் பிடிக்கும். பிரெஞ்சுப் பட்டியலில் இதற்கு ஈடான சேர்க்கை எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. சிறு கிண்ணத்தில் இரண்டு கரண்டிக் களி, 60 மில்லி ஒயின், அவ்வளவே போதும்.

செட்டிநாட்டுக் கவுனி அரிசி, காற்றுப்படாத குடும்பத்தின் சிவப்பு ஒயின்களுக்குப் போகும். கருப்புக் கவுனியை ஊறவைத்து வேகவைத்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ப்பார்கள். சர்க்கரையைக் கைகாத்துப் போட்டால், தவிட்டின் துவர்ப்போடு மோரியின் இளம் ஒயினோ ரிவ்சால்ட் க்ரெனாவோ நன்றாக நிற்கும். கிரெனாஷ் திராட்சைத் தோலின் துவர்ப்பும் அரிசித் தவிட்டின் துவர்ப்பும் ஒரே தரத்தவை. சாக்லேட்டுக்கு இதே ஒயின்கள் பொருந்தும் என்பது உலகம் அறிந்தது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது, ஆரோவில்லில் நல்ல கசப்புச் சாக்லேட் தயாராகிறது. எனவே அந்த இணைக்குக்கூட நாம் வெளிநாட்டுப் பெட்டியை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மஸ்கட்டுக்கு முதிர்ந்த மணங்களைக் கொடுக்கக் கூடாது, அதன் பூமணம் நசுங்கிப்போகும். ஏலம் தட்டிய பால் கொழுக்கட்டை, இனிப்புக் குறைந்த இளநீர்ப் பாயசம், குளிரவைத்த கிர்ணிப்பழம் இவையெல்லாம் சரி. முலாம்பழத்தோடு மஸ்கட் பருகுவது தெற்குப் பிரான்சின் கோடைப் பழக்கம். வாலாஜாபாத் சாலையோரம் சித்திரை வெயிலில் குவியும் கிர்ணிக்கு அது அப்படியே பொருந்தும். மாம்பழத்தோடு மட்டும் வேண்டாம். நன்கு பழுத்த மல்கோவாவுக்குத் தன் மணம் ஒன்றே போதும், பக்கத்தில் இன்னொன்றை அது பொறுக்காது.

இனிப்போடு மட்டுமே இந்த ஒயின் என்ற எண்ணமும் மாற வேண்டும். கோலியூர் ஊரின் உப்பிட்ட நெத்திலி ஐரோப்பாவில் பெயர்பெற்றது, அந்த ஊர் பன்யூல்ஸ் ஒயினின் நான்கு ஊர்களில் ஒன்று. ஒரே கடற்கரையில் உப்பு மீனும் இனிப்பு ஒயினும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. நமக்கும் நெத்திலிக் கருவாடு இருக்கிறது. காசிமேட்டிலிருந்தோ கோவளத்திலிருந்தோ வந்த கருவாட்டைக் கழுவி, மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகும் பூண்டும் போட்டு மொறுமொறுவென வறுத்து, முதிர்ந்த பன்யூல்ஸோடு வைத்தால் உப்பு இனிப்பைக் கூர்மையாக்கும், இனிப்பு மீனின் காட்டத்தை அடக்கும். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியோடு இந்த ஒயின் பொருந்துவதற்கும் இதே உப்புதான் காரணம்.

காரத்தில் எச்சரிக்கை தேவை. மிளகாயின் காப்சைசின் எந்த நரம்பு ஏற்பியைத் தூண்டுகிறதோ அதையே ஆல்கஹாலும் தூண்டுகிறது. 16 சதவீத ஒயின் ஆந்திரக் காரத்தின் மேல் விழுந்தால் எரிச்சல் பெருகும், ஒயினின் இனிப்பு கொஞ்சம் தணித்தாலும் முழுதாகத் தணிக்காது. இனிப்பும் காரமும் கலந்த கொரியச் சாந்து தடவிய கோழி வறுவல், ஸ்ரீபெரும்புதூர் கொரிய உணவகங்களில் கிடைப்பது, அந்த எல்லைக்குள் நிற்கிறது. குளிர்ந்த மஸ்கட்டுக்கு அது நல்ல துணை. செட்டிநாட்டு மிளகுக் கோழி எல்லையைத் தாண்டிவிடும். புளியும் ஆகாது. இந்த ஒயின்களில் இயல்பாகவே புளிப்பு குறைவு, புளிக்குழம்பின் பக்கத்தில் அவை சாரமிழந்து வெறும் தித்திப்பாகிவிடும். காஞ்சிபுரம் இட்லியின் சுக்கும் மிளகும் பொருந்தும் என்று யாராவது சொல்லக்கூடும். அது வரதராஜப் பெருமாள் கோயிலின் பிரசாதம். அதை இந்த மேசைக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

கடல் கடந்து வந்த ஒயின் தமிழகத்துக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைக் குறிப்பிடுகிறார். புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் பிறகு விமலா பெக்லி நடத்திய ஆய்விலும் மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. பின்னர் அதே புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்றைய நிலைமை வேறு. தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் மட்டும். இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்க வரி விதித்துவந்தது, அதன் மேல் மாநில வரி. ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடந்த வணிக ஒப்பந்தப் பேச்சு 2026 ஜனவரியில் முடிந்தது. ஒயின் வரியைப் படிப்படியாகக் குறைப்பது அதில் அடக்கம். கேட்பாரில்லாததால் பன்யூல்ஸும் ரிவ்சால்ட்டும் இங்கே அலமாரிகளில் அரிது, போர்ட் ஒயின்தான் அந்த இடத்தை நிரப்புகிறது. அதுவும் பாதி வழியில் சாராயம் சேர்த்துச் செய்வதுதான், ஆனால் சாராயத்தின் பங்கு அதில் கூடுதல். அதிகக் காலம் பீப்பாயில் முதிர்ந்த டானி போர்ட் கிடைத்தால், மேலே அம்ப்ரேவுக்கும் ஓர்தாஜுக்கும் சொன்ன பலகாரங்களை அதோடு வைத்துப் பார்க்கலாம்.

தொழில்தடத்து ஓட்டல்காரர்களுக்கு இந்த ஒயின்களில் ஒரு நடைமுறைச் சாதகம் உண்டு. சாதாரண ஒயின் புட்டியைத் திறந்தால் இரண்டு மூன்று நாளில் கெடும், விற்காதது நட்டம். காற்றிலேயே வளர்ந்த அம்ப்ரே, துய்லே, ஓர்தாஜ் வகைகள் திறந்தபின் குளிர்பெட்டியில் வாரக்கணக்கில் தாங்கும். ஒரு புட்டியில் 60 மில்லிக் கோப்பைகள் பன்னிரண்டு வரும். மஸ்கட்டுக்கு அந்த ஆயுள் இல்லை, திறந்தால் சில நாளில் தீர்க்க வேண்டும். மஸ்கட்டை 8 முதல் 10 பாகையிலும் முதிர்ந்தவற்றை 14 பாகையை ஒட்டியும் பரிமாறலாம். நம் அறை வெப்பத்தில் ஊற்றினால் சாராய நெடி மட்டுமே மேலெழும். இரவுப் பணிக்குப் போகிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் இதைப் பரிமாறக் கூடாது. பரிமாறும் இடத்தில் கூடவே களியோ அதிரசமோ வைத்தால், வாத்து ஈரலைத் தவிர வேறு துணை அறியாத பெர்ப்பின்யான்காரருக்கும் தன் ஊர் ஒயினில் புதிதாக ஒன்று தெரியவரும்.